அவசரப் பப்ஸ்

பரோட்டாவைப் பரோட்டாவாக அவர் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. சேலம் சூரமங்கலத்தில், ரயில்வே குடியிருப்பில் எங்கள் எதிர் வீட்டில் இருந்த அக்காவைச் சொல்கிறேன். தேய்த்து, மடித்து, வேகவைக்காமல் உறைய வைத்த பரோட்டாக்களைப் பாக்கெட் போட்டு விற்கிறார்களே, அதை ஜங்ஷன் பக்கத்துக் கடையில் வாங்கி வருவார். கல்லில் போட்டு எடுத்துக் குருமாவோடு சாப்பிட வேண்டியதுதானே? மாட்டார். ஒவ்வொன்றையும் இரண்டாக வெட்டுவார். வறுத்துத் தோல் ஊதிய நிலக்கடலை, உடைத்த முந்திரி, நாட்டுச் சர்க்கரை, ஏலக்காய் எல்லாம் கலந்த பூரணத்தை நடுவில் வைப்பார். முக்கோணமாக மடித்து, ஓரத்தை முள்கரண்டியால் அழுத்தி, மேலே கொஞ்சம் பாலைத் தடவி ஓவனுக்குள் தள்ளிவிடுவார். அவ்வளவுதான் வேலை. உள்ளே போனதும் பரோட்டாவின் மடிப்புகள் ஒவ்வொன்றாக எழும்பி, பேக்கரி பப்ஸ் மாதிரி மொறுமொறுவென்று வந்துவிடும். மூலையில் சர்க்கரை வழிந்து கருகியிருக்கும். அந்தக் கருகலுக்குத்தான் எங்கள் வீட்டு வரிசையில் போட்டி.

அதற்கு அவசரப் பப்ஸ் என்று நாங்கள் பேர் வைத்திருந்தோம். அவருக்கும் அது தெரியும். "பேரு நல்லாத்தானுங்க இருக்குது" என்பார்.

நாங்கள் ஓமலூரிலிருந்து அந்தக் குடியிருப்புக்கு வந்து இறங்கிய அன்றே அது என் வாய்க்குள் போய்விட்டது. பதினாலு பதினைந்து வருடம் இருக்கும். மினி லாரியில் பாதிச் சாமான் இன்னும் மேலே இருந்தது. பீரோவை எப்படித் திருப்பி உள்ளே கொண்டுபோவது என்று என் கணவர் ஆட்களோடு வாதாடிக்கொண்டிருந்தார். ஒரு தட்டை மூடி எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக ஒருவர் தெருவைத் தாண்டி வந்தார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தார். நெற்றியில் மாவு.

"ஏனுங் அம்மணி, அடுப்பு இன்னும் எறக்கலீங்களா? மொதல்ல இதைத் தின்னுங்க. ஆறுனா நல்லாருக்காது."

"நீங்க யாருன்னே தெரியலையே அக்கா..."

"எதுத்த ஊடுதானுங்க. தின்னுட்டே தெரிஞ்சுக்கலாம்."

நான் ஒரு கடி கடிப்பதற்குள் அவர் எங்கள் வீட்டுக்குள் இருந்தார். குழாய்களைத் திறந்து பார்த்தார். சமையலறைத் தொட்டியில் தண்ணீர் போகவில்லை. ஓடிப்போய்க் கம்பி ஒன்று கொண்டுவந்து குத்திவிட்டார். பின்கட்டுக் குழாயைத் திருகாதீர்கள், கையோடு வந்துவிடும் என்று எச்சரித்தார். நான் இரண்டாவது பப்ஸை எடுக்கும்போது திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். என் பேரைக்கூட அவர் கேட்டிருக்கவில்லை. மறுநாள் காலை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார், ஏதோ மறந்துபோன சாமானைக் கேட்பதுபோல.

மோகனூர் பக்கம் காவிரிக் கரையில் தோட்டம் துரவோடு இருந்த குடும்பத்தில் பிறந்தவர். கணவர் சரக்கு ரயிலில் கார்டு. ஒரே மகன் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். வீட்டில் பாதி நாள் அவர் மட்டும்தான். அப்படியிருந்தும் அவரிடம் எதற்கும் நேரம் இருந்ததில்லை.

"மாவை நீங்களே பிசைஞ்சா என்னக்கா?" என்று ஒருமுறை கேட்டேன். நான் வீட்டிலேயே ரவிக்கை தைத்துக்கொடுக்கிறவள். எதையும் முதலிலிருந்து செய்தால்தான் எனக்குத் திருப்தி.

"பிசையலாமுங்க. பிசைஞ்சு, ஈரத்துணி போட்டு மூடி, அது ஊறட்டும்னு உக்காரோணும். மாவு தூங்கும், நான் அதுக்குக் காவலுங்களா?"

வாங்கிவந்த பரோட்டா இளகும்வரைகூட அவரால் பொறுக்க முடியாது. பாக்கெட்டைக் கொண்டுவந்து வெயிலில் நிற்கும் ஸ்கூட்டர் சீட்டின் மேல் வைத்துவிடுவார். சேலத்து வெயிலில் அந்தக் கறுப்பு சீட் தோசைக்கல் மாதிரி காய்ந்து கிடக்கும். ஒருநாள் அது தெரியாமல் அவர் கணவர் அதன் மேலேயே உட்கார்ந்து வண்டியை ஓட்டிக்கொண்டு ஸ்டேஷன்வரை போய்விட்டார். அக்கா பின்னாலேயே டவுன் பஸ்ஸில் போய், வண்டியையும் பாக்கெட்டையும் மீட்டுக்கொண்டு வந்தார். அன்றும் பப்ஸ் செய்தார். "ஏற்கெனவே தேய்ச்சுக் குடுத்துட்டாருங்க" என்றார்.

பஸ் நிறுத்தத்தில் அவர் நிற்க மாட்டார். பஸ் வரும் திசையையே பார்த்துக்கொண்டு நிற்பதைவிட அடுத்த நிறுத்தத்துக்கு நடப்பது மேல் என்பார். நடப்பார். இரண்டு நிறுத்தத்துக்கும் நடுவில் பஸ் அவரைத் தாண்டிப் போகும். கை காட்டிப் பார்த்துவிட்டு மறுபடியும் நடப்பார். பல நாள் அப்படியே ஐந்து ரோடு வரைக்கும் நடந்தே போய்ச் சேர்ந்திருக்கிறார். கல்யாணங்களில் தாலி கட்டும்போது வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார். போன் பேசும்போது எதிரில் இருப்பவர் "சரி" என்று சொல்லும் முன்பே துண்டித்துவிடுவார்.

ஏன் இப்படி என்று கேட்டால், "நின்னாத்தானுங்க கால் வலிக்குது. நடந்தா வலிக்கறதில்லீங்க" என்பார்.

அவர் கணவர் அதிகம் பேசாதவர். ஒருநாள் என் கணவரிடம் சொன்னாராம்: "எனக்கு டூட்டிக்குக் கூப்பாடு வர்றதுக்கு முன்னாலயே இவ எந்திரிச்சு சோறு கட்டிருவாளுங்க. வண்டி ஓட்டறவங்களுக்கு ஒரு எடத்துலயாச்சும் செகப்பு விழும். இவளுக்கு எப்பவும் பச்சைதான்."

சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் செய்வதற்கு ஒன்றுமே இல்லாத மதியங்களில் அவரைப் பார்க்க எனக்கு என்னவோ போல் இருக்கும். தையல் மிஷினுக்கு முன்னால் இருக்கும் ஜன்னல் வழியாக அவர் வீட்டு முற்றம் முழுக்கத் தெரியும். வாசல் கதவுவரை வருவார். தெருவைப் பார்ப்பார். திரும்பிக் குழாயடிக்குப் போவார். காய்ந்த துணியை எடுத்து உதறி மறுபடியும் அதே கொடியில் போடுவார். யாரோ எங்கிருந்தோ கூப்பிடுகிறார்கள், எங்கிருந்து என்றுதான் தெரியவில்லை என்பதுபோல முகம் இருக்கும். பார்க்கப் பொறுக்காமல் நானே ஒரு ரவிக்கையை எடுத்துக்கொண்டு, "அக்கா, கொக்கி தைச்சுத் தர்றீங்களா?" என்று குரல் கொடுப்பேன். ஓடி வருவார்.

அந்த அவசரம் என்னையும் ஒருமுறை சுட்டது.

கல்யாணமாகி நான்கைந்து வருடம் எங்களுக்குக் குழந்தை இல்லை. அங்கே வந்த இரண்டாம் வருடம் நாள் தள்ளிப்போனது. நானும் கணவரும் மட்டும் அதை மனசுக்குள் வைத்துக்கொண்டிருந்தோம். மாமியாரிடம்கூடச் சொல்லவில்லை. ஒருநாள் காலையில் நான் வாசல் ஓரத்தில் வாந்தியெடுத்ததை அக்கா வேலி வழியாகப் பார்த்துவிட்டார். ஒன்றும் கேட்கவில்லை. என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தார். பொழுது சாய்வதற்குள் வரிசையில் எல்லா வீட்டுக்கும் பப்ஸ் போயிருந்தது. பால்காரர்கூட "நல்ல சேதிங்களாமே" என்றார். என் கணவர் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது. கோபமா, வெட்கமா என்று தெரியவில்லை.

மூன்றாம் மாதம் அது நிற்காமல் போய்விட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இறங்கினால் எங்கள் வீட்டு வாசலில் அவர்தான் நின்றார். என் அம்மா ஓமலூரில் பஸ் ஏறுவதற்கு முன்பே அவர் வந்துவிட்டிருந்தார். வீடு கழுவியிருந்தது. ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. நான் அவசரத்தில் போட்டுவிட்டுப் போன துணிகளை யார் கையிலும் கொடுக்காமல் அவரே துவைத்துப் போட்டிருந்தார். அந்தத் துணிகள் எப்படி இருந்தன என்று எனக்குத் தெரியும். அவர் ஆறுதல் சொல்லவில்லை. கிளம்பும்போது மட்டும் வாசற்படியில் நின்றார்.

"நாந்தான் முந்திக்கிட்டேன் அம்மணி."

"அதனால இல்லக்கா" என்றேன்.

அதனால் இல்லை என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் அவர் தலையை ஆட்டிக்கொண்டே போனார். பிறகு எனக்கு மகன் பிறந்தபோது அவர் பப்ஸ் செய்யவில்லை. பெயர் வைத்த பிறகு நானே கேட்டேன். அப்புறம்தான் செய்தார்.

சுகந்தி அந்த வரிசையின் கடைசி வீட்டுக்குக் குடிவந்தது அதற்கு அடுத்த கோடையில். ஆத்தூர்க்காரி. கணவர் சிக்னல் பிரிவில் வேலை. ஒரே பெண் குழந்தை, பூர்ணி. நான்கு வயசு. வந்து ஒரு வாரம் ஆகியும் வீட்டைவிட்டு வெளியே வராமல் இருந்தாள் சுகந்தி. கூச்சக்காரி. அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. ஒருநாள் சாயங்காலம் தட்டோடு கிளம்பினார். நான் மிஷினில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

நடந்தது என்ன என்பதைப் பின்னால் இரண்டு பேரும் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். ஒன்றுக்கொன்று மாறாமல்தான் இருந்தது. வாசற்படியில் பூர்ணி தனியாக விளையாடிக்கொண்டிருந்தாள். சுகந்தி பின்கட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அக்கா வாசலிலிருந்து, "ஏனுங்க, பாப்பாவுக்குக் குடுக்கலாமுங்களா?" என்று குரல் கொடுத்தார். சுகந்தி "யாரு?" என்று கேட்டுக்கொண்டே ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பின்கட்டிலிருந்து வாசலுக்கு வரும் அந்த நேரம்தான். அதற்குள் அக்கா ஒரு மூலையை உடைத்து, ஊதி, குழந்தை வாயில் வைத்துவிட்டார்.

"ஐயோ, இதுல என்னா இருக்கு? கடலையா?" சுகந்தியின் அந்தக் குரல் என் ஜன்னல்வரை கேட்டது.

பூர்ணிக்குக் கடலை ஆகாது. முன்பு ஒருமுறை கடலை மிட்டாய் தின்று உடம்பெல்லாம் தடித்து, டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். நான் ஓடிப்போகும்போது குழந்தை வாந்தியெடுத்துக்கொண்டிருந்தாள். உதடு வீங்கிப் புரண்டிருந்தது. கழுத்தில், கையில் எல்லாம் திட்டுத் திட்டாகச் சிவந்திருந்தது. இருமினாள். இருமலுக்கு நடுவில் மூச்சு விசில் மாதிரி வந்தது. சுகந்தி அவளை உலுக்கிக்கொண்டே, "துப்பு, துப்பிடு" என்று கத்தினாள். பக்கத்து வீட்டுக்காரர் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார். வருவதாகச் சொன்னார்கள்.

"வர்ற வரைக்கும் நிக்கறதுங்களா?" என்றார் அக்கா. அவர் முகத்தில் ரத்தமே இல்லை. அடுத்து நான் திரும்பிப் பார்த்தபோது ஸ்கூட்டர் வாசலில் உறுமிக்கொண்டிருந்தது. "ஏறுங்க அம்மணி. புள்ளையைப் புடிச்சுக்கங்க. சீக்கிரம், வெசையா!"

சுகந்தி செருப்புக்கும் போனுக்கும் மருந்துச் சீட்டுக்குமாக வீட்டுக்குள் ஓடியிருந்தாள். நான் பூர்ணியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஏறினேன். "சுகந்தி வரட்டும் அக்கா" என்று சொல்லி முடிக்கவில்லை. வண்டி தெருமுனை தாண்டிவிட்டது. பெற்றவள் வாசலில் நின்று கூப்பிடுவது கேட்டது.

அந்தப் பயணம் எவ்வளவு நேரம் என்று என்னால் சொல்ல முடியாது. வேலை விட்டு வரும் கூட்டம். டவுன் பஸ்கள் ஒன்றின் பின் ஒன்றாக நின்றன. அவர் ஹாரனிலிருந்து விரலை எடுக்கவே இல்லை. இடது பக்கம் மண்ணில் இறங்கினார், எதிர்த்திசையில் ஏறினார். ஒரு லாரிக்காரர் தலையை வெளியே நீட்டித் திட்டினார். "புள்ளைங்க! புள்ளைங்க! வழி உடுங்க!" என்று கத்தினார் அக்கா. எங்கள் இருவருக்கும் நடுவில் பூர்ணி. அவர் முதுகில் அவள் கன்னம் அழுந்தியிருந்தது. அவள் கண் சொருகுவதை நான் சொன்னதும் அக்காவின் குரல் மாறியது. "தூங்காத சாமி, என்ற சாமி, கண்ணைத் தொறந்துக்கோ சாமி, வந்துட்டம் சாமி, வந்துட்டம்..." அதையே திரும்பத் திரும்பச் சொல்லி ஓலமிட்டுக்கொண்டே ஓட்டினார்.

ஆஸ்பத்திரியில் வரிசையை அவர் பார்க்கவே இல்லை. குழந்தையை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு நேரே உள்ளே போனார். தொடையில் ஊசி போட்டார்கள். முகத்தில் மாஸ்க் வைத்தார்கள். எங்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். ஆட்டோவில் வந்து இறங்கிய சுகந்தி கதவருகே அக்காவைப் பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

"உங்கள யாரு கேட்டா? எம் பொண்ணுக்குக் குடுக்கச் சொல்லி யாரு கேட்டா உங்கள?"

அக்கா இரண்டு கையையும் விரித்தபடி நின்றார். விரல்களில் சர்க்கரை ஒட்டியிருந்தது.

"பெத்தவ நான் நிக்கறேன். என்ன வுட்டுட்டுத் தூக்கிட்டுப் போறீங்க. வழியில ஒண்ணு ஆகியிருந்தா நான் எம் பொண்ணு மூஞ்சியப் பாத்திருப்பனா?"

கொஞ்ச நேரத்தில் நர்ஸ் வந்து, வீக்கம் வடிகிறது, மூச்சு சீராகிவிட்டது, நாளைவரை இருக்கட்டும் என்றார். சுகந்தி உள்ளே ஓடினாள். நான் அக்காவை வீட்டுக்குக் கூப்பிட்டேன். வரவில்லை. மறுநாள் பூர்ணியை அனுப்பும்வரை அவர் ஆஸ்பத்திரி மாடிப்படியடியிலேயே இருந்தாராம். டூட்டி முடிந்து வந்த அவர் கணவர்தான் போய்க் கூட்டிவந்தார். குழந்தை அப்பாவின் தோளில் படியிறங்கிப் போவதை மறைவாக நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தாராம்.

அதற்குப் பிறகு ஓவன் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டார்.

பப்ஸ் நின்றது. அவசரம் நிற்கவில்லை. போகுமிடம் மட்டும் இல்லாமல் போனது. ஒரே நாளில் இரண்டு தடவை ஸ்கூட்டரைக் கழுவுவார். எங்கள் வரிசைச் சாக்கடை முழுக்க அவரே தள்ளிவிடுவார். தெருவில் எந்தக் குழந்தை இருமினாலும் ஓடிவந்து நின்றுவிட்டு, தொடாமல், ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போவார். என் மகனுக்கு ஒரு பிஸ்கட் கொடுக்கக்கூட என்னை மூன்று முறை கேட்பார். "குடுக்கட்டுங்களா? ஒண்ணும் பண்ணாதுங்களே? நல்லாத் தெரியுமுங்களா?" நான் சிரித்தால் அவருக்குக் கோபம் வரும். சாயங்காலங்களில் வாசலில் நின்று கடைசி வீட்டைப் பார்ப்பார். "பாப்பா பள்ளிக்கொடம் போயிட்டு வந்துருச்சுங்களா?" என்று என்னைக் கேட்பார். வந்துவிட்டாள் என்றால்தான் உள்ளே போவார்.

நானும் சுகந்தியும் இதற்கிடையில் நெருங்கிவிட்டோம். பிள்ளைகள் ஒரே பள்ளிக்கூடம். அவள் வரிசையில் எல்லோரோடும் பேசுவாள். எதிர் வீட்டைத் தாண்டும்போது மட்டும் பூர்ணியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். நான் ஒருமுறை பேச்செடுத்தேன். "வேணாங்க்கா" என்று சொல்லிவிட்டாள்.

பின்னால் அக்காவின் கணவர் ஓய்வு பெற்றார். மோகனூரில் பங்காகக் கிடைத்த இடத்தில் வீடு கட்டிக்கொண்டு போவதென்று முடிவானது. சாமான் ஏற்றிய அன்று அக்கா எல்லா வீட்டுக்கும் சொல்லிக்கொள்ளப் போனார். கடைசி வீட்டுக்கும் போனார். சுகந்தி கதவைத் திறந்தாள். "போயிட்டு வாரேனுங்க" என்றார் அக்கா. "சரி, போய்ட்டு வாங்க" என்றாள் சுகந்தி. அவள் பின்னாலிருந்து பூர்ணி எட்டிப் பார்த்தாள். அவ்வளவுதான். லாரி கிளம்பிப் போனது. என் ஜன்னலுக்கு எதிரே இருந்த முற்றத்தில் யாருமில்லாதது பழக எனக்கு வெகுநாள் ஆயிற்று.

போன ஆவணியில் சுகந்தியின் கணவரோடு வேலை பார்ப்பவர் வீட்டுக் கல்யாணம், மோகனூரில். சுகந்தி என்னையும் கூப்பிட்டாள். அவள் கணவர் காரை ஓட்ட, நான், சுகந்தி, பூர்ணி. பூர்ணி இப்போது ஒன்பதாவது படிக்கிறாள். எங்களைவிட உயரம். வெளியில் எது சாப்பிட்டாலும் அவளே நின்று விசாரிக்கிறாள், பையில் அவசரத்துக்குப் போட்டுக்கொள்ளும் மருந்து ஊசி வைத்திருக்கிறாள்.

சாப்பிட்டு முடித்துக் காரில் ஏறும்போது சுகந்தி என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"அந்த அக்கா இங்கதான இருக்காங்க?"

"ஆமா. ஆத்தோரம். போன்ல பேசுவாங்க."

"போலாமா?"

நான் சரி என்றேன். அதற்கு மேல் கேட்டால் மனசு மாறிவிடுமோ என்று பயம்.

வாழைத் தோப்பை ஒட்டிப் புது வீடு. கதவு திறந்திருந்தது. வாசலில் காரை நிறுத்தும்போதே அந்த வாசனை வந்துவிட்டது. சர்க்கரை கருகும் வாசனை. அக்கா முன்கையில் மாவோடு எட்டிப் பார்த்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்துச் சிரிப்பதற்குள் அவர் கண் பூர்ணியின் மேல் விழுந்தது. யார் என்று அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"உள்ள வராதீங்க!" என்று அலறினார். "அங்கயே நில்லுங்க! ஒருத்தரும் உள்ள வரப்படாது!"

கதவு எங்கள் முகத்துக்கு நேராகச் சாத்திக்கொண்டது.

சுகந்தியின் முகம் செத்துப்போனது. "நான் வந்திருக்கக் கூடாது" என்றாள். "இத்தன வருஷம் கழிச்சு என்ன மூஞ்சிய வெச்சுக்கிட்டு வந்தேன்..." காரைப் பார்த்துத் திரும்பினாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது. பின்கதவு திறந்தது. எதையோ தோப்புப் பக்கம் கொட்டினார்கள். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றும் சத்தம். துடைப்பம் போடும் சத்தம். அவர் கணவர் கொல்லைப்பக்கமிருந்து சுற்றிக்கொண்டு வந்து, "இருங்க, இருங்க, போயிராதீங்க" என்று மூச்சு வாங்கச் சொன்னார். "பக்கத்து ஊட்டுல பொண்ணுக்கு வளைகாப்புங்க. அவங்க கேட்டாங்கன்னு இத்தன வருசம் கழிச்சு நேத்துலருந்து கடலைப் பப்ஸ்தான் போட்டுட்டிருக்கா. பாப்பாவைப் பாத்ததும் எல்லாத்தையும் எடுத்துக் கொட்டிட்டாளுங்க. ஊட்டையே கழுவறா."

கதவு திறந்தபோது அக்கா தலைக்குக் குளித்திருந்தார். வேறு சேலை. முடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கைகள் முழங்கைவரை தேய்த்துத் தேய்த்துச் சிவந்திருந்தன.

"இப்ப வாங்க" என்றார். "எல்லாங் கழுவியாச்சு. ஒரு பொட்டு இல்லீங்க."

சுகந்தி வாசலிலேயே அழுதுவிட்டாள். என்ன சொல்ல வந்தாளோ அதை ஒழுங்காகச் சொல்ல அவளால் முடியவில்லை. துண்டு துண்டாக வந்தது. "அன்னிக்கு டாக்டர் சொன்னாரு... ஆம்புலன்ஸ் வரட்டும்னு வீட்ல வெச்சுக்கிட்டு இருந்திருந்தா கஷ்டம்னு. நேரத்துக்குக் கொண்டாந்துட்டாங்கன்னு. நான் அத உங்ககிட்ட சொல்லலக்கா. சொல்லணும்னு தெரியும். எனக்கு வாய் வரல."

"குடுத்தவ நானு" என்றார் அக்கா. "அதையும் சொல்லோணுமில்லீங்க?"

பெரியவர்கள் மாறி மாறி மூக்கைத் துடைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த பூர்ணிதான் வாயைத் திறந்தாள்.

"எனக்கு ஆஸ்பத்திரியெல்லாம் ஞாபகமில்ல. வண்டி ஞாபகமிருக்கு. நீங்கதான ஓட்டுனீங்க? உங்க முதுகுல காது வெச்சிருந்தேன். பாடிட்டே வந்தீங்க."

அக்கா அவளையே பார்த்தார்.

"என்ன பாட்டுன்னு தெரியல. சாமி, சாமின்னு வரும். உள்ளருந்து கேக்கும். ரொம்ப நாள் அம்மாகிட்ட அதைப் பாடச் சொல்லிக் கேட்டிருக்கேன். அம்மாவுக்குத் தெரியல."

"பாட்டுங்களா?" என்று அக்கா என்னைப் பார்த்தார். அது என்னவென்று அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அவர் பூர்ணியின் பக்கம் திரும்பினார். வாய் கோணியது. அழுகையை அடக்கினாரா, சிரிப்பையா, சொல்ல முடியவில்லை.

"ஆமா சாமி" என்றார். "பாட்டுத்தான்."

தோப்பிலிருந்து அப்போதே அவர் கணவர் வெட்டிவந்த சீப்பிலிருந்து பூர்ணியே ஒரு பழத்தை உரித்துத் தின்றாள். அக்கா தொடவில்லை. அவள் மென்று விழுங்கி முடிக்கும்வரை எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் கிளம்பியபோது, "சேலத்துக்குத்தானுங்க போறீங்க? நானும் வாரேன். என்ற பையனூடு இப்ப அங்கதான், பேரனைப் பாத்து வெகுநாளாச்சு" என்றார். ஒரு மஞ்சள் பையில் இரண்டு சேலையைத் திணித்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார். வளைகாப்பு வீட்டுக்கு என்ன பதில் சொல்வது என்று கணவர் வாசலில் நின்று கேட்டார். "பேக்கரில வாங்கிக் குடுத்துருங்க" என்றார்.

பின்சீட்டில் நானும் அவரும், நடுவில் பூர்ணி. நாமக்கல் தாண்டும்வரை இரண்டு பேரும் ஓயாமல் பேசினார்கள். எந்த டீச்சர் நல்லவர், சைக்கிள் எப்போது வாங்கினாய், எதெது சாப்பிடலாம், எதெது கூடாது. ராசிபுரத்துக்கு முன்பே பூர்ணி அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அக்காவும் கண்ணை மூடியிருந்தார். ஈரத் தலை பின்னால் சாய்ந்திருந்தது. வெயில் தாழ்ந்து இரண்டு முகத்திலும் விழுந்தது. இத்தனை வருடத்தில் அவர் தூங்கி நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை என்று நினைத்தேன். முன்சீட்டிலிருந்து திரும்பிய சுகந்தியிடம், பேசாதே, தூங்குகிறார்கள் என்று சைகை செய்தேன்.

சுகந்தி என்னைப் பார்க்கவில்லை. அவள் பார்த்த இடத்தை நானும் பார்த்தேன். அக்கா தூங்கவில்லை. அவருடைய சுட்டுவிரல் பூர்ணியின் மூக்குக்குக் கீழே, படாமல், அவள் மூச்சு வந்து போகும் இடத்தில் இருந்தது.